சுவரில் தெரிந்த கை

புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் பார்ப்பேன். முதலில் மின்சாரம். பிறகு விளக்கு, கேபிள், எந்த வழியாகப் படம் வரவேண்டும் என்ற தேர்வு, கணினி இரண்டாவது திரைக்குப் படத்தை அனுப்புகிறதா என்பது. கடைசியில்தான் கோப்பு. துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டக நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே கூட்டம் தொடங்கத் தாமதமானால் மேலாளர்கள் கத்துவார்கள். கத்தலுக்கு நடுவே வரிசையை விடாமல் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தேன். ஆனால் அங்கே கத்துகிறவர்கள் யாரும் நாற்காலியைத் தூக்குவதில்லை.

என் தாய்மாமா எங்கள் ஊரில் சிறு படகில் மீன்பிடிக்கும் வள்ளக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார்.

“ஏளா, நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மண்டபத்துக்கு உன் கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வா. படம் போடணும்.”

என்ன படம் என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

முந்தின நாள் விடியலில் எங்கள் ஊர் வள்ளங்கள் விரித்திருந்த வலைமேல் ஒரு விசைப்படகு ஓடியிருந்தது. விசைப்படகை நாங்கள் லாஞ்சி என்போம். வலை கிழிந்ததும் வள்ளங்கள் லாஞ்சியை வளைத்துக்கொண்டன. இரண்டு பக்கமிருந்தும் கல்லும் வலையில் கட்டும் ஈயக்குண்டும் பறந்தன. லாஞ்சியின் முன்பக்கத்தில் நின்ற ஒருவன், முகத்தில் துண்டு சுற்றியிருந்தவன், இரும்புக் கம்பியை வீசினான். அது வள்ளத்தில் நின்ற ஒரு பையனின் மண்டையில் விழுந்தது. பையன் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். அவனுடைய அம்மா அங்கேயே இருந்தாள்.

லாஞ்சியின் முதலாளி டவுன்காரர். ஆனால் அதில் வேலைக்குப் போனவர்கள் ஆறு பேரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். வள்ளத்தில் இடமில்லாதவர்கள் லாஞ்சிக்குப் போவது இங்கே வழக்கம். அன்றைக்கு ஒரே தெருக்காரர்கள் கடலில் எதிரும் புதிருமாக நின்றிருந்தார்கள். ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு வள்ளத்திலிருந்து ஒருவர் போனில் படம் பிடித்திருந்தார். அதைப் பார்த்து அடித்தவன் யாரென்று முடிவு செய்து, ஊரே அவனைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று பேசியிருந்தார்கள்.

எங்கள் மண்டபத்தில் ஒரு முறை உண்டு. சாட்சியம் என்று எது வந்தாலும் எல்லோரும் சேர்ந்துதான் பார்க்கவேண்டும். ஒருத்தன் முந்திப் பார்த்துவிட்டால் அவன் சொல்வதே பேச்சாகிவிடும் என்பது கணக்கு. அதனால் மாமா அந்தப் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

“ஒரு தடவ ஓட்டிப் பாத்துரணும் மாமா. கோப்பு தெறக்குதான்னு பாக்காம கூட்டத்துல போடக்கூடாது.”

“நீயும் பாக்கக்கூடாது. நீ என் அக்கா மக. நாளைக்கு ஒரு பேச்சு வரும்.”

“கோப்பப் பாக்க வேண்டாம். மிஷினயாவது பாக்கேன்.”

“மிஷின் கோயில்பிள்ளைட்ட இருக்கு. அவரு பூசையில மணி அடிப்பாரா, உனக்கு மிஷின் காட்டுவாரா? காலைல வந்து பாத்துக்க.”

கோயில்பிள்ளை எங்கள் மாதா கோயிலின் எடுபிடி வேலைகளைப் பார்ப்பவர். புரொஜெக்டர் மறைக்கல்வி வகுப்பின் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பூசை முடிந்ததும் அதைத் திருகாணி கழற்றி எடுத்துவந்து மண்டபத்து மேசையில் வைத்தார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதால் எல்லா ஆண்களும் வந்திருந்தார்கள். வெயில் சுவரில் அடித்ததால் ஜன்னல்களை எல்லாம் அடைத்தோம். உள்ளே இருட்டும் வியர்வை நாற்றமும் ஏறின. லாஞ்சிக்காரர்கள் ஆறு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. அண்ணனுக்கு முப்பது தாண்டியிருக்கும், தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே தோள், ஒரே கழுத்து. வித்தியாசம் கையில்தான். அண்ணன் இடதுகைக்காரர். அதனால் ஊரில் அவர் பெயரே நொட்டாங்கை. கயிறு இழுக்கும்போது மற்றவர்கள் ஒரு பக்கம் நின்றால் அவர் எதிர்ப்பக்கம் நிற்பார். கடலில் தூரத்து வள்ளத்தில் ஆள் யாரென்று எங்கள் ஊர்க்காரர்கள் முகத்தை வைத்துச் சொல்வதில்லை. எந்தத் தோள், எந்தக் கை என்று பார்த்துச் சொல்வார்கள். அதில் தப்பியதே இல்லை என்பார்கள்.

அடிபட்ட பையனின் அப்பா அவர்களுக்கு எதிரே தனியாக ஒரு இரும்பு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சட்டை மாற்றவில்லை. தோளில் பையனின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

மின்சாரம் வந்தது. விளக்கும் எரிந்தது. சுவரில் நீலமாக ஒரு வெற்றுச் சதுரம் மட்டும் விழுந்தது. கேபிளின் முனை ஆடிக்கொண்டிருந்தது. அதை அழுத்திப் பிடித்ததும் சுவரில் ஒரு வெளிச்சம் வந்து, உடனே போனது.

“என்னளா, வருது போகுது?” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

“கேபிள் லூசு அண்ணே.”

“கேபிள் மட்டுந்தானா?”

சிரித்தார்கள். நான் கேபிளைப் பிடித்துக்கொண்டே, மாமா பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த போனிலிருந்த படத்தைக் கணினிக்கு ஏற்றினேன். முழுத்திரையில் வைத்து ஓடவிட்டேன்.

படம் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. புதிய போன்களில் எடுக்கும் படத்தைச் சில கணினிகள் திறக்காது, ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் ஆனது. கருப்புச் சுவர். கோயில்பிள்ளை கணினியை மண்டபத்து ஒலிபெருக்கியில் ஏற்கெனவே இணைத்திருந்தார். இன்ஜின் உறுமியது. தண்ணீர் அறைந்தது. தாயை இழுத்து ஏசும் வார்த்தைகள் இருட்டுக்குள் மாறி மாறி வந்தன. அப்புறம் ஈரச்சாக்கைத் தரையில் அறைந்தது போல ஒரு சத்தம். “ஏலே விழுந்துட்டான்லே, விழுந்துட்டான்லே” என்று ஒரு குரல் கீச்சிட்டது.

நிறுத்தப் போனேன்.

“நிறுத்தாத,” என்றார் பையனின் அப்பா. எழுந்து நின்றிருந்தார். “அந்த எடத்த இன்னொருக்க போடு.”

“படம் வந்ததும் போடுதேன்.”

“இப்பப் போடு.”

போட்டேன். இரண்டாவது முறை அந்தச் சத்தம் கேட்டது. மூன்றாவதாக நான் போடவில்லை. அதற்குள் ஒரு நாற்காலி என் தலைக்கு மேலே பறந்து சுவரில் மோதி விழுந்தது.

“படத்த மறைக்கா! துறைமுகத்துல வேல பாக்கால்லா, லாஞ்சிக்காரனுக்கு ஆளு இவ!”

“ஏலே, பொம்பளப்புள்ள மேல எறியுத நாயே!” என்று மாமா பாய்ந்தார். எறிந்தவனும் பாய்ந்தான். நடுவில் நின்ற ஒருவரின் உதடு கிழிந்தது. யார் கை பட்டது என்று அவருக்கே தெரியவில்லை. அவரும் திருப்பி யாரையோ அடித்தார்.

நான் கோப்பைப் பார்க்கும் கட்டத்தில் இருந்தேன். வேறொரு பிளேயர் என் கணினியில் இருந்தது. அதில் திறந்ததும் சுவரில் கடல் விழுந்தது. தலைகீழாக. புரொஜெக்டர் கூரையில் தொங்கியபோது வைத்த அமைப்பு மாறாமல் இருந்திருக்கிறது. வானம் கீழே, அதற்கு மேல் தண்ணீர், தண்ணீரிலிருந்து தொங்கும் லாஞ்சி.

“இவ நம்ம எல்லாத்தையும் முக்கிருவா போல,” என்றான் யாரோ. அடிதடிக்கு நடுவிலும் சிலர் சிரித்தார்கள்.

படத்தை நிறுத்திவைத்துவிட்டு, ஆடும் கேபிளை ஒட்டுநாடாவால் கட்ட மேசைக்கடியில் குனிந்தேன். தலைக்கு மேலே கோயில்பிள்ளையின் குரல் கேட்டது.

“ஏளா, நேராக்கிட்டேன் பாரு. ரிமோட்ட ரெண்டு அமுக்கு அமுக்கினேன். இதுக்குப் போயி கம்ப்யூட்டர் படிக்கணுமாங்கும்?”

எழுந்து பார்த்தேன். வானம் மேலே இருந்தது, கடல் கீழே இருந்தது. மங்கலான விடியல். லாஞ்சியின் எண் எழுதிய பக்கம் படத்தில் வரவில்லை. எழுத்து என்று எதுவுமே இல்லை. ஓடவிட்டேன்.

கல் பறந்தது. வள்ளத்தில் நின்ற பையன் துடுப்பை ஓங்கிக் கத்தினான். லாஞ்சியின் முன்பக்கத்தில் துண்டு சுற்றிய ஆள் கம்பியைத் தூக்கினான். அகன்ற தோள், குட்டைக் கழுத்து. கம்பி தூக்கிய கை சுவரில் பெரிதாகத் தெரிந்ததும், சுவரைப் பார்த்தபடியே படத்தை நிறுத்தினேன். இடது கை.

ஒரே நேரத்தில் பல வாய்களிலிருந்து அந்தச் சொல் வந்தது.

“நொட்டாங்கை!”

அவர் எழுவதற்குள் முதுகில் மிதி விழுந்தது. நாற்காலியோடு கவிழ்ந்தார். “நானில்லலே, நான் பின்னால கயிறு வலிச்சுட்டு நின்னேன்லே” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது, நான் பக்கத்தில் இருந்ததால். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. வாயில் குதிகால் இறங்கியது. எச்சிலும் ரத்தமும் சேர்ந்து தரையில் இழுபட்டன. இருட்டில் யார் அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. புரொஜெக்டர் வெளிச்சத்தின் குறுக்கே ஓங்கிய கைகளின் நிழல்கள்தான் கடல்மேல் போய்வந்தன. முன்வரிசையிலிருந்த மற்ற நாலு பேர் ஒதுங்கி ஓடினார்கள். தம்பி மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றான்.

அண்ணன் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். படம் கம்பி ஓங்கிய இடத்தில் நின்றிருந்தது. பிறகு தம்பியைப் பார்த்தார்.

“நாந்தான்,” என்று கத்தினார். “நாந்தாம்லே அடிச்சேன். விடுங்க.”

வலி தாங்காமல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“எந்தக் கைலே?” என்றார் பையனின் அப்பா. தான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்திருந்தார். “எம் பிள்ள மண்டைல அடிச்சது எந்தக் கை? அதக் காட்டு.”

இரண்டு பேர் அண்ணனின் இடது கையை இழுத்து மேடைப்படியின் விளிம்பில் நீட்டிப் பிடித்தார்கள். நாற்காலி இறங்கியது. எலும்பு போன சத்தம் ஒலிபெருக்கியில் கேட்ட சத்தத்தைவிடச் சின்னது. ஆனால் அவர் அலறியது பெரிது. அப்பா மறுபடி ஓங்கினார்.

நான் கண்ணைத் திருப்பினேன். திருப்பிய இடத்தில் என் கணினி இருந்தது. அதிலும் அதே படம் நின்றிருந்தது. அதில் கம்பி வலது கையில் இருந்தது.

சுவரைப் பார்த்தேன். இடது. கணினியைப் பார்த்தேன். வலது.

உடனே புரிந்துவிட்டது. திரைக்குப் பின்னால் வைத்துக் காட்டுவதற்கென்று புரொஜெக்டரில் ஓர் அமைப்பு உண்டு. அதில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறும். கோயில்பிள்ளை அமுக்கிய அமுக்கில் படம் நேராகியிருந்தது, கூடவே திரும்பியும் இருந்தது.

“கைய விடுங்க! அவரு இல்ல!” என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. நாற்காலி இரண்டாவது முறை இறங்கியது. ஒலிவாங்கியை எடுத்தேன். “படம் தப்பு. அடிச்சது இடது கை இல்ல.”

“அவனே ஒத்துக்கிட்டாம்ளா! நீ என்ன வக்கீலா?”

“தள்ளி நில்லு, உனக்கும் விழும்!”

விளக்கிச் சொன்னால் யாருக்கும் ஏறாது. படத்தை மூடிவிட்டு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்து ‘வலது’ என்று தட்டினேன். சுவர் பளிச்சென்று வெளுத்தது. அடித்தவர்களும் கண் கூசித் திரும்பினார்கள். சுவர் முழுக்க அந்தச் சொல் பின்பக்கமாகத் திரும்பி நின்றது.

“இத வாசிங்க,” என்றேன். “எழுத்து திரும்பியிருக்கா இல்லயா? இப்படித்தான் கையும் திரும்பியிருக்கு.”

புரொஜெக்டரின் மேலே இருந்த பொத்தானை அழுத்தி அமைப்பை மாற்றினேன். சொல் ஒரு கணம் மறைந்து நேராக வந்தது. முன்னால் இருந்த ஒருவர் மெதுவாக வாய்விட்டு “வலது” என்று வாசித்தார். பிறகு படத்தை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி ஓடவிட்டேன். அதே தோள். அதே கழுத்து. கம்பி வலது கையில் எழும்பி இறங்கியது.

பையனின் அப்பா நாற்காலியைக் கீழே போடவில்லை. கையில் வைத்தபடியே நின்றார்.

கீழே கிடந்தவர் என்னைப் பார்த்தார். எனக்கு நன்றி சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“படத்த அமத்துளா,” என்றார். “அமத்து. ஒன்னய யாரு சரி பண்ணச் சொன்னா?”

அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டுமல்ல. அந்தத் தோளும் அந்தக் கழுத்தும் ஊரில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவருக்கு இடது கை. மற்றவனுக்கு வலது. தலைகள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் திரும்பின.

தம்பி ஓடவில்லை. ஓட வழியும் இல்லை. “அண்ணன விடுங்க,” என்றான். “அந்தப் பய துடுப்ப ஓங்குனான். நான் வீசிட்டேன்.”

அதற்குமேல் அவனைப் பேசவிடவில்லை. முதல் அடி பையனுடைய அப்பாவின் நாற்காலிதான். காதோடு சேர்த்து விழுந்தது. அவன் சரிந்த பிறகு எத்தனை பேர் மேலே விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் உடைந்த கையை இழுத்துக்கொண்டு முழங்காலால் நகர்ந்து அவர்கள் கால்களுக்கு நடுவே போனார். தம்பியின் மேல் படுத்துக்கொண்டார். அவரையும் மிதித்தார்கள். அண்ணனைத் தப்பாக அடித்ததற்காக வருத்தப்பட்டவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தேன். வெளிச்சம் வந்தால், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தால், நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. முகம் தெரிந்த பிறகும் அடித்தார்கள். மாமா போன் செய்து வரவழைத்த போலீஸ் ஜீப் வாசலில் நின்ற பிறகுதான் கூட்டம் கலைந்தது. தம்பியைத் தூக்கும்போது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, காதிலிருந்து ரத்தம் வடிந்தது. உயிர் இருந்தது.

போலீசார் போனையும் என் கணினியையும் எடுத்துக்கொண்டார்கள். வாக்குமூலம் கொடுக்க மறுநாள் வரச் சொன்னார்கள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கினேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அடிபட்ட பையன் காலையில் கண் விழித்துவிட்டதாகப் பாளையங்கோட்டையிலிருந்து தகவல் வந்திருந்தது. பேச்சு வரவில்லை. தம்பி இதே ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலோடு வேறு வார்டில் இருந்தான். பார்க்க விடவில்லை.

அண்ணன் இடது கை முழுக்க மாவுக்கட்டோடு சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

“உக்காரு,” என்றார் அவர். கீழுதட்டில் தையல் போட்டிருந்ததால் வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன.

உட்கார்ந்தேன்.

“செவத்துல நொட்டாங்கை தெரிஞ்சுச்சுல்லா. மொதல்ல எனக்கே புரியல. நான் பின்னாலதான நின்னேன், எப்படி என் கை தெரியுதுன்னு. பொறவு மாதாவே வழி காட்டுதான்னு நெனச்சேன். எனக்குக் கல்யாணம் ஆயிட்டு, பிள்ள இருக்கு. ரெண்டு வருசமோ மூணு வருசமோ உள்ள கெடந்தா என்ன. அவன் சின்னப்பய.”

“கைய ஒடச்சாங்களே அண்ணே.”

“கைதான.”

கதவுப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“போலீஸ்ட்ட இருக்க படத்த நீதான காட்டிக் குடுக்கணும்?”

“ஆமா.”

“அத மறுபடி திருப்ப முடியுமா? கோயில்பிள்ள திருப்புன மாரி? நிலையா அப்படியே இருக்க மாரி?”

முடியும். ஒரு சின்ன கட்டளை, அவ்வளவுதான். போனில் இருப்பது நேராகவே இருக்கும் என்பதால் மாட்டிக்கொள்வோம். ஆனால் ஊரே சுவரில் முதலில் பார்த்தது இடது கை. அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார், தம்பி ஒத்துக்கொண்டது அண்ணனை அடியிலிருந்து காப்பாற்றத்தான் என்று சொல்லிவிடலாம். போனில் இருப்பதுதான் திரும்பியிருக்கிறது, முன்பக்கக் கேமராவில் எடுத்தால் அப்படி ஆகும் என்று நான் சொன்னால், நான் படித்த படிப்புக்கு ஸ்டேஷனில் நம்புவார்கள். இவ்வளவும் அவர் கேட்டு முடிப்பதற்குள் என் மனதில் வரிசையாக ஓடிவிட்டது.

“முடியும்,” என்றேன். “செய்ய மாட்டேன்.”

“கால்ல விழணுமா?”

“வேண்டாம் அண்ணே.”

“நீ ஒண்ணும் பொய் சொல்லாண்டாம். தெரியாதுன்னு சொல்லு. எந்தக் கைன்னு தெரியலன்னு சொல்லு. அது போதும்.”

“தெரியுமே.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அடித்தவர்களைப் பார்த்த பார்வைகூட இல்லை.

“ஒனக்குத் தம்பி இருக்கானா?”

“இல்ல.”

“அதான்,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றின்மேல் வைத்தார்.

வெளியே அவர் மனைவி படிக்கட்டில் நின்றாள். நான் அவளைத் தாண்டும்போது காலடியில் துப்பினாள். செருப்பில் பட்டது. கீழே குழாயில் கழுவிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஏட்டய்யா என் கணினியைத் திறந்துவைத்துப் படத்தை ஓடவிடச் சொன்னார். கம்பி எழும்பும் இடத்தில் நிறுத்தினேன்.

“இதுல முன்னப் பின்னக் கொழப்பம் ஒண்ணும் இல்லயேம்மா? மண்டபத்துல வேற மாதிரித் தெரிஞ்சதாச் சொல்லுதாங்க.”

“மண்டபத்துல புரொஜெக்டர் அமைப்பு தப்பா இருந்துச்சு சார். இதுதான் எடுத்த மாதிரியே இருக்கறது.”

“எந்தக் கை?”

“வலது கை.”

“உறுதியா?”

“உறுதியா சார்.”

எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்குத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு முறை முழுக்க வாசித்தேன். ‘வலது’ என்று எழுதியிருந்த இடத்தில் மை பரவிச் சரியாகத் தெரியவில்லை. அந்தச் சொல்லை மட்டும் மறுபடி எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.